எரிந்த வீட்டிற்கு வாடகை

பெருநகரங்களில் வாழும் மக்களுள் ஒரு பெரும் பகுதியினர் பிறர்க்குரிய வீட்டில் வாடகை கொடுத்துக் குடியிருப்பவர்கள். சுவரும் கூரையும் ஒருவருடையவை. அக்கூரையின் கீழ் அடுப்பு மூட்டி வாழ்க்கை நடத்துபவர் மற்றொருவர். காலம் நல்லதாக இருக்கும்வரை இந்த ஏற்பாட்டில் இடர் ஒன்றும் தோன்றுவதில்லை. மாதம் பிறந்தால் வாடகை போகிறது, மழைக்காலம் வந்தால் ஒழுக்கைப் பற்றிச் சிறு வாக்குவாதம் நடக்கிறது, அவ்வளவே. ஆனால் ஒருநாள் அந்த வீடு தீக்கு இரையாகிவிட்டால் என்ன செய்வது? அதனை மீண்டும் கட்டித்தர வேண்டியவர் யார்? கட்டி முடியும்வரை வாடகை உண்டா, இல்லையா? இருவரும் தவறு செய்யாதபோது நஷ்டம் யார் தலையில் விழவேண்டும்? இம்மூன்று கேள்விகளுக்கும் இலண்டன் மாநகரம் விடை கண்ட வரலாற்றையே நான் இன்று உங்களுக்குச் சொல்லப் புகுகின்றேன். அரசர்களும் போர்களும் நிறைந்த சரித்திர நூல்களில் இதற்குப் பெரிய இடம் இல்லை. ஆயினும் நம்முடைய வீட்டு வாசல்வரை வந்து நிற்கும் வரலாறு இது.

1666ஆம் ஆண்டு செப்டம்பர் 2ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை. நள்ளிரவு கடந்து சிறிது நேரத்தில், இலண்டன் பாலத்திற்கு அருகில் புட்டிங் லேன் என்ற சந்தில், தாமஸ் பாரினர் என்னும் ரொட்டி சுடுபவரின் வீட்டில் தீப்பற்றியது. கோடை வறட்சியில் காய்ந்து கிடந்த மரவீடுகள். கிழக்கிலிருந்து வீசிய கடுங்காற்று. நான்கு நாட்கள் அந்தத் தீ எரிந்தது. ஏறத்தாழ 13,200 வீடுகளும், 87 திருச்சபைக் கோயில்களும், பழைய புனித பவுல் பேராலயமும் அழிந்தன. மாண்டவர் தொகை ஏடுகளில் மிகச் சிறிதாகவே காணப்படுகிறது. ஆனால் வீடிழந்தவர்களோ பல்லாயிரவர். நகரைச் சூழ்ந்த வெளிகளில் கூடாரம் அடித்துக்கொண்டு அவர்கள் கிடந்தார்கள்.

தீ இவ்வளவு பரவியதற்குக் காற்றை மட்டும் காரணமாகச் சொல்லுதல் போதாது. தீயின் வழியிலுள்ள வீடுகளைச் சிலவற்றை முன்கூட்டியே இடித்து வெளியாக்குவதே அக்காலத்தில் தெரிந்திருந்த தீயணைப்பு முறை. அன்றிரவு நகரத் தலைவராகிய லார்டு மேயர் தாமஸ் பிளட்வொர்த் இடிக்க ஆணையிடத் தயங்கினார். இடிக்கப்பட்ட வீட்டின் சொந்தக்காரருக்கு ஈடு கொடுப்பது யார் என்ற கேள்வி அவரைத் தடுத்தது என்று வரலாற்றாசிரியர் எழுதுவர். குடியிருப்பவர் அந்த நள்ளிரவில் வாசலில் நின்றார். வீட்டுக்குடையவரோ வேறெங்கோ இருந்தார். யாருடைய இசைவைக் கேட்டு இடிப்பது? பொறுப்பு இன்னாருடையது என்று வரையறுக்கப்படாத இடத்தில் நெருப்பு வேகமாகப் பரவும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

அந்நகரின் வீட்டுரிமை இருந்த நிலையையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். நிலத்திற்கு உடையவர்கள் பெரும்பாலும் திருச்சபைகள், மருத்துவ நிலையங்கள், வணிகக் குழுக்கள், செல்வர்கள் ஆகியோர். அவர்களிடம் நீண்டகாலக் குத்தகைக்கு எடுத்தவர் ஒருவர். அவரிடம் உள்குத்தகை பெற்றவர் மற்றொருவர். அவர்க்குக் கீழே அறை வாடகைக்கு இருப்பவர் வேறொருவர். இவ்வாறு ஒரே வீட்டிற்குப் படிப்படியாகப் பல உடையவர்கள். இந்தப் படிகளில் மேலே இருப்பவர் வாடகையைப் பெற்றார். பழுது பார்க்கும் கடமையையோ உடன்படிக்கையின் வாயிலாகக் கீழே இருப்பவரிடம் தள்ளிவிட்டார்.

சட்டமும் மேலே இருப்பவர் பக்கமே நின்றது. 1647ஆம் ஆண்டில் தீர்ப்புக் கூறப்பட்ட பாரடைன், ஜேன் வழக்கு சட்டம் பயிலும் மாணவர் அனைவரும் அறிந்தது. உள்நாட்டுப் போரில் அரசன் பக்கத்துத் தளபதி இளவரசர் ரூபர்ட்டின் படை வந்து ஒரு நிலத்தைக் கைப்பற்றிக் குத்தகைக்காரரை வெளியேற்றியது. நிலம் கையில் இல்லாத காலத்திற்கு வாடகை எப்படிக் கொடுப்பேன் என்று அவர் கேட்டார். கொடுத்தே தீரவேண்டும் என்றது நீதிமன்றம். தம் வாயால் ஒப்புக்கொண்ட கடமைக்கு விலக்கு வேண்டுமாயின் அதனை உடன்படிக்கையிலேயே அவர் எழுதிக்கொண்டிருக்கவேண்டும் என்பது நீதிபதிகளின் கருத்து. படைக்குச் சொன்ன நீதி தீக்கும் பொருந்துமன்றோ? ஆகவே, 1666இல் வீடும் கடையும் சரக்கும் சாம்பலாகி நின்ற இலண்டன் வணிகர் பலர், அச்சாம்பலுக்கு வாடகை செலுத்தவும், தம் செலவில் வீட்டைத் திரும்பக் கட்டவும், குத்தகைக் காலம் முடிந்ததும் புதுவீட்டை உடையவரிடம் ஒப்படைக்கவும் சட்டத்தால் கட்டுண்டு நின்றார்கள்.

இச்சட்டத்தை எழுத்துப் பிசகாமல் நடத்தியிருந்தால் என்ன நேர்ந்திருக்கும்? குத்தகையில் ஐந்தாறு ஆண்டுகளே எஞ்சியுள்ள ஒருவர் தம் கைப்பொருளைச் செலவிட்டுப் பிறர்க்கு வீடு கட்டித்தர முன்வரமாட்டார். கட்டுவதற்குப் பணம் அவரிடம் இல்லை என்பது வேறு. வீட்டுக்குடையவரோ, பழைய குறைந்த வாடகைக்குக் குத்தகை இன்னும் நடப்பில் இருக்கும்போது தாம் ஏன் கட்டவேண்டும் என்று கைகட்டியிருப்பார். இருவருக்கும் கட்டாமல் இருக்கவே காரணம் இருந்தது. ஒரு தலைநகரம் முழுவதும் கரிந்த மேடாகவே கிடந்திருக்கும்.

இந்த இக்கட்டிலிருந்து நாட்டை மீட்டது ஒரு புதுமையான நீதிமன்றம். 1667ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நாடாளுமன்றம் சட்டம் இயற்றித் தீ நீதிமன்றத்தை நிறுவியது. நாட்டின் உயர்நீதிபதிகளே அதில் அமர்ந்தார்கள். அவர்களுள் மாத்தியூ ஹேல் போன்ற பேரறிஞரும் இருந்தார். கிளிபர்ட்ஸ் இன் என்ற மண்டபத்தில் மூவரும் அதற்கு மேற்பட்டோருமாகக் கூடி, ஊதியம் பெறாமல் வழக்குகளைக் கேட்டார்கள். வழக்குமன்றத்திற்குரிய நீண்ட சடங்குகளும் ஜூரிகளும் அங்கு இல்லை. குத்தகைப் பத்திரம் எரிந்துபோயிற்றா? வாய்மொழிச் சான்று போதும். எல்லாவற்றிற்கும் மேலாக, உடன்படிக்கையில் எழுதிய சொல்லையே பற்றிக்கொண்டு தொங்காமல், இழப்பை நியாயமாகப் பங்கிடும் அதிகாரம் அவர்களுக்கு வழங்கப்பட்டிருந்தது.

அவர்கள் தீர்ப்பளித்த முறையை விளக்க நான் ஒரு கற்பனை வழக்கை அமைத்துக் காட்டுகின்றேன். ஆண்டுக்கு 20 பவுன் வாடகை. குத்தகையில் எஞ்சியது 7 ஆண்டு. குடியிருப்பவர் வீட்டைக் கட்ட விரும்புகிறார், ஆனால் 7 ஆண்டில் செலவை மீட்க முடியாது. நீதிபதிகள் இருதரப்பாரையும் நோக்கி, கட்டும் வசதி யாருக்கு உண்டு என்று முதலில் கேட்பார்கள். குடியிருப்பவரே கட்டுவதானால், குத்தகைக் காலத்தை மேலும் பல ஆண்டுகள் நீட்டுவார்கள்; வாடகையையும் குறைப்பார்கள்; தீ எரிந்த நாளிலிருந்து கட்டி முடியும் நாள்வரை உள்ள பாக்கியைத் தள்ளியோ சுருக்கியோ விடுவார்கள். அவரால் இயலாதென்றால், ஒரு சிறு தொகையோடு அவரைக் குத்தகையிலிருந்து விடுவித்து, நிலத்தை உடையவரிடம் திருப்பிக் கட்டச் சொல்வார்கள். ஒருவரே முழு நஷ்டத்தையும் சுமப்பது இல்லை. கட்டுகின்றவருக்கு ஆதரவு உண்டு. இவ்விரண்டே அம்மன்றத்தின் அடிப்படை நெறிகள்.

ஆயிரத்துக்கு மேற்பட்ட வழக்குகள் இப்படித் தீர்ந்தன. நன்றி மறவாத நகரமக்கள் அந்நீதிபதிகள் இருபத்திருவரின் உருவங்களையும் ஜான் மைக்கேல் ரைட் என்னும் ஓவியரைக்கொண்டு எழுதுவித்துத் தம் நகர மண்டபமாகிய கில்டுஹாலில் மாட்டிவைத்தார்கள். போரில் வென்ற தளபதிகளுக்குச் சிலை எடுத்த நகரங்கள் பல. வாடகை வழக்கைத் தீர்த்தவர்களுக்குப் படம் எழுதிவைத்த நகரம் வேறொன்று உண்டோ, நான் அறியேன்.

மீண்டும் கட்டிய இலண்டன் பழைய இலண்டனாக இருக்கவில்லை. 1667ஆம் ஆண்டுச் சட்டம் வெளிச்சுவர்கள் செங்கல்லாலோ கருங்கல்லாலோ அமையவேண்டும் என்றது. தெருவின் அகலத்திற்கேற்ப வீடுகளை நான்கு வகையாகப் பிரித்து, மாடிகளின் எண்ணிக்கையையும் சுவரின் கனத்தையும் வரையறுத்தது. இரண்டு வீடுகளுக்கு நடுவேயுள்ள பொதுச்சுவரை முதலில் கட்டுபவர் கட்டிவிடலாம். பின்னர்க் கட்டும் அண்டை வீட்டார் அதன் செலவில் பாதியை வட்டியோடு தரவேண்டும். பொதுச் செலவுகளுக்காக, இலண்டனுக்கு வரும் நிலக்கரிக்கு வரி விதிக்கப்பட்டது. ஆனால் தனியார் வீடுகளை அவரவரே கட்டிக்கொள்ளவேண்டும். இங்கேதான், அடுத்த தீக்கு என்ன செய்வது என்ற எண்ணம் மக்கள் உள்ளத்தில் எழுந்தது. ஒவ்வொரு முறையும் நாடாளுமன்றம் தனி நீதிமன்றம் அமைத்துக்கொண்டிருக்க முடியுமா?

அக்கேள்விக்கு வணிக முறையில் விடை கண்டவர் நிக்கோலஸ் பார்போன் என்பவர். இவருடைய தந்தையின் பெயர் ‘பிரெய்ஸ்-காட் பேர்போன்’, அதாவது ‘கடவுளைத் துதி’. 1653இல் கூடிய ஒரு நாடாளுமன்றத்திற்கே அவர் பெயர் வழங்கலாயிற்று. மகன் ஹாலந்து சென்று மருத்துவம் பயின்று பட்டம் பெற்றவர். ஆனால் நாடி பிடித்துப் பிழைக்கவில்லை. தீக்குப் பின் வீடு கட்டி விற்கும் தொழிலில் இறங்கிப் பெருஞ்செல்வர் ஆனார். கடன்காரர்களை ஏய்ப்பதில் கைதேர்ந்தவர் என்றும் பெயர் வாங்கினார். தாம் கட்டிய வீடுகளை வாங்குவோர் தீக்கு அஞ்சித் தயங்குவதை அவர் கண்டிருக்க வேண்டும். 1680ஐ ஒட்டி, அரச வணிக மண்டபத்தின் பின்புறத்தில், வீடுகளுக்குத் தீக் காப்பீடு செய்யும் அலுவலகம் ஒன்றைத் திறந்தார். நாம் இன்ஷ்யூரன்ஸ் என்று வழங்குவது இதனையே.

அவர் வகுத்த கட்டணத்தைக் கவனியுங்கள். செங்கல் வீட்டிற்கு ஆண்டு வாடகையில் நூற்றுக்கு இரண்டரை; மரவீட்டிற்கு நூற்றுக்கு ஐந்து. ஆண்டுக்கு 20 பவுன் வாடகை வரும் செங்கல் வீட்டிற்கு 10 ஷில்லிங் கட்டினால் போதும். அதே வாடகையுள்ள மரவீட்டிற்கு ஒரு பவுன் கட்டவேண்டும். இந்தச் சிறு கணக்கில் ஒரு பெருந்தத்துவம் அடங்கியிருக்கிறது. ஆபத்து எங்கே மிகுதியோ அங்கே கட்டணமும் மிகுதி. செங்கல்லால் கட்டு என்று அரசாங்கம் ஆணையிட்டது. செங்கல்லால் கட்டினால் உனக்கு லாபம் என்று காப்பீடு சொல்லிற்று.

இவ்வாதாயத்தைக் கண்ட நகரசபை 1681இல் தானும் ஒரு காப்பீட்டுத் திட்டம் வகுத்து, விரைவிலேயே கைவிட்டது. 1696இல் தோன்றிய ‘கைகோத்த கை’ என்னும் சங்கத்தில் உறுப்பினரே ஒருவர்க்கொருவர் காப்பாளர். ஆண்டில் நேர்ந்த இழப்பை எல்லாரும் பங்கிட்டுக்கொண்டனர். 1710இல் அமைந்த ‘சன்’ என்னும் நிறுவனம் வீட்டைமட்டுமன்றி, வீட்டினுள் இருந்த சரக்கையும் தட்டுமுட்டுப் பொருள்களையும் காப்பீடு செய்தது. இஃது ஒரு முக்கியமான முன்னேற்றமாகும். உடையவரின் காப்பீடு சுவரையும் கூரையையும் காக்கும். குடியிருப்பவரின் பெட்டியையும் கட்டிலையும் காக்காது. அவை வேண்டுமாயின் குடியிருப்பவர் தனியே காப்பீடு செய்துகொள்ள வேண்டும். அன்று ஏற்பட்ட இந்த வேறுபாடு இன்றளவும் நின்று நிலவுகிறது. அறியாதவர் பலர் தீ அணைந்தபின்தான் அறிகின்றனர்.

ஒவ்வொரு நிறுவனமும் தான் காப்பீடு செய்த வீட்டின் முகப்பில் ஈயத்தால் வார்த்த தன் சின்னத்தைப் பதித்தது: சூரியன் ஒன்றிற்கு, கோத்த கைகள் மற்றொன்றிற்கு. தேம்ஸ் ஆற்றுப் படகோட்டிகளைத் திரட்டித் தீயணைக்கும் படைகளையும் அவை வைத்துக்கொண்டன. தம் சின்னம் இல்லாத வீடு எரிந்தால் அப்படைகள் வேடிக்கை பார்த்து நின்றன என்று ஒரு கதை வழங்குகிறது. அதற்கு உறுதியான ஆதாரம் கிடைக்கவில்லை என்பதே ஆராய்ந்தோர் முடிவு. பக்கத்து வீட்டுத் தீயை எரியவிட்டால் அது தம் வீட்டிற்கும் வரும் என்பதை அவர்கள் அறியாதவர்கள் அல்லர். அப்படைகள் 1833இல் ஒன்றாயின. 1866 முதல் அப்பணி பொது நிருவாகத்திற்குச் சென்றது.

காப்பீடு வந்ததால் எல்லாம் நேராகிவிடவில்லை. 1707ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, எவர் வீட்டில் தற்செயலாகத் தீ தோன்றினும் அவர்மேல் வழக்குத் தொடரக்கூடாது என்றது. இது வரவேற்கத்தக்கதே. ஆனால் அதே சட்டம், கவனக் குறைவால் தீ உண்டாக்கிய பணியாளுக்கு நூறு பவுன் அபராதம் விதித்தது. கட்டாவிட்டால் பதினெட்டு மாதம் கடும் உழைப்புடன் காவல். நூறு பவுனை வாழ்நாள் முழுவதும் கண்ணால் காணாத ஏழைக்கு இத்தண்டனை! வீட்டுக்காரர் தப்பினார், விளக்கேற்றியவள் அகப்பட்டாள். சட்டத்தின் வரலாற்றைப் படிக்கும்போது, விலக்கு யாருக்கு, தண்டனை யாருக்கு என்று எப்போதும் கேட்டுப் படிக்கவேண்டும் என்று நான் உங்களுக்குச் சொல்வேன்.

மற்றொரு தீமையும் எழுந்தது. காப்பீட்டுப் பணத்தின் மேல் ஆசைகொண்டு தம் வீட்டிற்குத் தாமே தீவைத்துக்கொள்பவர் தோன்றினர். ஆகவே 1774ஆம் ஆண்டுச் சட்டம், அவ்வீட்டில் உரிமையோ நலனோ உடைய எவரும் கேட்டுக்கொண்டால், காப்பீட்டுத் தொகையை ஒருவர் கையில் கொடாமல் வீட்டைத் திரும்பக் கட்டுவதற்கே செலவிடவேண்டும் என்று விதித்தது. குடியிருப்பவர் கையில் கிடைத்த முதல் கருவி இதுவே. ஆனால் அவர் காலத்தில் கேட்கவேண்டும். பணம் கைமாறியபின் கேட்டுப் பயனில்லை.

கேளாதவர் நிலையை 1827இல் நடந்த லீட்ஸ், சீத்தம் வழக்கு காட்டுகிறது. கட்டடம் எரிந்தது. உடையவர் காப்பீட்டுத் தொகையைப் பெற்றுக்கொண்டார்; கட்டடத்தைக் கட்டவில்லை. ஆனால் வாடகையைக் கேட்டார். அந்தப் பணத்தைக் கட்டடத்திற்குச் செலவிடச் செய்யுங்கள், அதுவரை வாடகையை நிறுத்துங்கள் என்று குடியிருப்பவர் நீதிமன்றத்தை வேண்டினார். இரண்டையும் மறுத்துவிட்டது நீதிமன்றம். ஒருவருக்கு இழப்பீடும் வந்தது, வாடகையும் வந்தது. மற்றவருக்கு இடமும் இல்லை, விடுதலையும் இல்லை. 1774ஆம் ஆண்டுச் சட்டம் இலண்டனுக்கு மட்டுமன்று, இங்கிலாந்து முழுமைக்கும் பொருந்தும் என்பது 1864இல்தான் தீர்ப்பால் உறுதியாயிற்று.

தீ ஒரு பக்கம் இருக்க, எரியாத வீட்டைப் பற்றியும் உடையவருக்குக் கடமை உண்டா என்ற வினா மெல்ல எழுந்தது. 1843இல் பிரைட்டன் என்னும் கடற்கரை ஊரில் சர் தாமஸ் மராபிள் குடும்பத்தார் சில வாரங்களுக்கு ஒரு வீட்டைத் தட்டுமுட்டுப் பொருள்களோடு வாடகைக்கு எடுத்தனர். வீடு முழுவதும் மூட்டைப்பூச்சி! ஒரு வாரத்தில் வெளியேறிவிட்டனர். எஞ்சிய வாடகைக்கு வழக்கு வந்தது. பொருள்களோடு வாடகைக்கு விடும் வீடு மனிதர் வாழத்தக்கதாக இருக்கவேண்டும் என்பது சொல்லாமலே அடங்கிய நிபந்தனை என்று நீதிபதிகள் தீர்த்தார்கள். ஆனால் பொருள்கள் இல்லாத வெறும் வீட்டிற்கு இவ்விதி பொருந்தாது என்று அடுத்து வந்த தீர்ப்பு சொல்லிற்று. செல்வர் உல்லாசமாகத் தங்கும் வீட்டிற்குக் கிடைத்த காப்பு ஏழைத் தொழிலாளியின் குடிசைக்குக் கிடைக்க 1885ஆம் ஆண்டுச் சட்டம்வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

இனி நம் நாட்டிற்கு வருவோம். 1882ஆம் ஆண்டில் ஆங்கில அரசாங்கம் இந்தியாவிற்குச் சொத்து மாற்றுச் சட்டத்தை இயற்றியபோது, தம் நாட்டுப் பழைய விதியை அப்படியே இங்கு நடவில்லை. அதன் 108ஆம் பிரிவு, தீயாலோ புயலாலோ வெள்ளத்தாலோ குத்தகைச் சொத்தின் முக்கிய பகுதி முற்றும் அழிந்தால், அல்லது குத்தகைக்கு எடுத்த நோக்கத்திற்கு நிலையாகப் பயன்படாமற்போனால், குத்தகையை முடித்துக்கொள்ளும் உரிமையைக் குடியிருப்பவருக்குத் தந்தது. அவருடைய குற்றத்தால் அழிவு நேர்ந்திருந்தால் மட்டும் அவ்வுரிமை இல்லை. உடையவர் தாம் செய்யக் கடமைப்பட்ட பழுதை, அறிவிப்புப் பெற்றும் தக்க காலத்தில் பார்க்காவிட்டால், குடியிருப்பவரே அதைச் செய்து வாடகையில் வட்டியோடு கழித்துக்கொள்ளலாம் என்றும் அப்பிரிவு கூறுகிறது. 1667இல் தீ நீதிமன்றத்து நீதிபதிகள் தனித்தனி வழக்கில் தேடிக் கண்ட நியாயத்தில் ஒரு பகுதியேனும் இங்கே எழுத்து வடிவில் அமைந்துவிட்டது. தமிழ்நாட்டில் 2019இல் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டம், அதன் பெயரிலேயே உடையவர், குடியிருப்பவர் இருவருடைய உரிமைகளையும் பொறுப்புகளையும் சேர்த்து வைத்திருக்கிறது.

இந்த வரலாற்றை நான் ஏன் மாணவர்களாகிய உங்களுக்குச் சொன்னேன்? உங்களுள் பலர் நாளை படிப்புக்காகவும் வேலைக்காகவும் வேற்றூர் சென்று வாடகை வீட்டில் வாழப்போகிறீர்கள். சிலர் வீட்டுக்குடையவராகவும் ஆவீர்கள். எந்தப் பக்கம் நின்றாலும் மூன்று செயல்களை மறவாதீர்கள். முதலாவது, பழுது யார் பொறுப்பு, அழிவு நேர்ந்தால் வாடகை என்ன ஆகும் என்பதை உடன்படிக்கையில் வெளிப்படையாக எழுதிக்கொள்ளுங்கள். எழுதாததை எண்ணிப் பின்னர் வருந்தியவர்கள் கதையே இதுவரை கேட்டது. இரண்டாவது, காப்பீடு எதனைக் காக்கிறது, எதனைக் காக்கவில்லை என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். மூன்றாவது, இருவரும் குற்றமற்றவராய் இருக்க நஷ்டம் வந்துவிட்டால், பத்திரத்தின் எழுத்தை மட்டும் பார்க்காமல், யாரால் எவ்வளவு தாங்க முடியும் என்பதையும் பாருங்கள். கரிந்துகிடந்த ஒரு நகரத்தை மீண்டும் எழுப்பியது செங்கல் மட்டுமன்று. இழப்பை இருவரும் பங்கிட்டுக்கொள்ள வேண்டும் என்று துணிந்து சொன்ன நீதிபதிகளின் நேர்மையும்தான்.